கூடு போடாத விரல்கள்

புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்ததும் திருமாறனின் குரல் இறங்கிவிட்டது.

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தவள் காதைத் தீட்டிக்கொண்டாள்.

அவள் கணவரின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருப்பவன் திருமாறன். கல்லூரியில் பாடம் நடத்துகிறவன், தங்கமான பிள்ளை. அவருக்குக் கண் மங்கிவிட்டதால், அச்சுக்குப் போகுமுன் முழுவதையும் வாசித்துக் காட்ட வந்திருந்தான். தவில் பழகிய கதை, சாமி புறப்பாட்டில் விடிய விடிய வாசித்த கதை, எந்தெந்த நாகஸ்வரக்காரருக்கு வாசித்தார் என்ற கதை. காலையிலிருந்து அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், யாரோ ஒருத்தர் கதை போல.

இப்போது திருமாறன் மெதுவாக வாசித்தான்.

"இதன்பின் இரண்டு ஆண்டுகள் அவர் தவிலைத் தொடவில்லை. குடிப்பழக்கமே காரணம் என்று உடன் வாசித்தவர்கள் சொல்கிறார்கள்."

வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன், நாளைக்கு அச்சுக்குப் போகிறது என்றான்.

"இருக்கட்டும்ப்பா," என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

குடியாம். சோடா குடித்தாலே விக்கல் எடுக்கும் மனிதர்.

மகளைப் பெற்ற பிறகு அவளுக்குத்தான் புத்தி தடுமாறிப்போனது. சத்தம் ஆகாது. தவிலில் ஒரு தட்டு விழுந்தால் போதும், கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வாள். அவர் தவிலைத் தூக்கி அக்காள் வீட்டில் போட்டார். வந்த கச்சேரிகளையெல்லாம் தட்டிக்கழித்தார்.

முகூர்த்தக் காலத்தில் தவில்காரர்களின் வலது கை விரல்களில் கூடு ஏறிவிடும். பசை தடவிய துணியைச் சுற்றிச் சுற்றிக் காயவைத்தது, கல்லாக இறுகியிருக்கும். கழற்றினால் மறுபடி சுற்ற வேண்டுமே என்று அவர் அப்படியே விட்டுவிடுவார். அந்தக் கையால் சோறு பிசைய முடியாது. கல்யாணமான புதிதில் அவள்தான் ஊட்டிவிடுவாள். யாராவது வரும் சத்தம் கேட்டால் தட்டோடு உள்ளே ஓடுவாள்.

அந்த இரண்டு வருடம் அவர் விரல்களில் கூடு இல்லை.

பருப்புச் சோற்றை மையப் பிசைந்து அவள் வாய்க்குக் கொண்டுவருவார். அவள் துப்புவாள். அவர் துடைத்துவிட்டு, அடுத்த வாய் பிசைவார்.

அதெல்லாம் அவளுக்கு நினைவில் இல்லை என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. விசாரிக்க வந்தவர்களிடம், குடித்துக் கெட்டுப்போய்விட்டேன் என்று அவரே வாசலில் நின்று சொன்னதும் நினைவிருக்கிறது. குடிகாரன் மகளுக்கு மாப்பிள்ளை கிடைத்துவிடும், பைத்தியக்காரி மகளுக்குக் கிடைக்காது என்பது அவர் கணக்கு.

கணக்குத் தப்பவில்லை. மகளுக்கும் மகள் பிறந்து, அவளும் வேலைக்குப் போகிறாள்.

இன்னும் யாரிடமிருந்து பெண்டாட்டியைக் காப்பாற்றுகிறார், இந்த மனுஷன்?

அவள் முறத்தை நகர்த்தி வைத்தாள்.

"தம்பி, அதை அடிச்சிடுங்க. எனக்குத்தான் சித்தம் கலங்கிப் போயிருந்துச்சு. சத்தம் தாங்கமாட்டேன்னு தவிலக் கொண்டுபோய் அக்கா வீட்டுல வச்சிட்டு, ரெண்டு வருசம் எனக்குச் சோறு ஊட்டிக்கிட்டு இருந்தாரு. அப்படியே எழுதுங்க."

திருமாறன் பேனாவை எடுக்கத் தயங்கி அவரைப் பார்த்தான்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் எதையோ உளறுகிறாள், எழுதாதே என்றார். ஊர் சிரிக்கும் என்றார்.

அவள் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளி ஆள் இருக்கும்போதே அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு நெனப்பிருக்கு," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் மடியில் இருந்த கையை அவர் எடுக்கவில்லை.

திருமாறன் பழைய வரியை அடித்தான். மேலே புதிதாக எழுதத் தொடங்கி, 'அவர் மனைவி' என்ற இடத்தில் நின்றுவிட்டான். இத்தனை பக்கம் எழுதியிருக்கிறான், எத்தனையோ தடவை இந்த வீட்டில் காப்பி குடித்திருக்கிறான். கேட்கவே தோன்றியதில்லை. அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அம்மா, உங்கள் பெயர் என்று மெல்ல இழுத்தான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"செங்கமலவல்லி."

பேனா நகரும் சத்தம் ஓயும்வரை பொறுத்திருந்தார். பிறகு, எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார்.