பாஸ்கோ குடும்பம் நிற்பதில்லை

நான் மண்டியிட்டதும், எனக்கு மாமனாராக வேண்டியவர் பாய்ந்து வந்து என் காலைப் பிடித்தார்.

மரியாதையெல்லாம் இல்லை. கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டது என்று நினைத்துவிட்டார்.

“நீட்டு கோலின், கால நீட்டு! தண்ணி குடி, தண்ணி குடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?”

ரஸ்ஸல் பாஸ்கோவுக்கு அறுபத்தெட்டு வயது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவருக்கு இன்னும் வந்துசேரவில்லை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் குடும்பத்தை ஆங்கிள்சீ கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு வருவார். வந்த இடத்திலும் ஓட்டுவார். கலங்கரை விளக்கம் வரை பத்தரை கிலோமீட்டர், திரும்பப் பத்தரை.

எல்லோருக்கும் மஞ்சள் பனியன். முதுகில் ‘பாஸ்கோ குடும்பம் நிற்பதில்லை’ என்று அச்சடித்திருக்கும்.

என் பனியனில், ஐந்து வருடமாக, ‘விருந்தினர்’.

அந்த ‘நிற்பதில்லை’ சும்மா அச்சடித்த வாசகமும் அல்ல. ஓட்டத்தைக் கணக்கெடுக்கும் கைக்கடிகாரத்தை வீடு திரும்பும்வரை யாரும் நிறுத்தக் கூடாது. ஷூ நாடா அவிழட்டும், சிவப்பு விளக்கு விழட்டும், அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்தது என்று அர்த்தம். போன வருடம் மகன் க்ரெய்க் பாறையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். உடைந்த மணிக்கட்டிலும் கடிகாரம் ஓடியது. ஆம்புலன்ஸின் வேகமும் கணக்கில் சேர்ந்துகொண்டதால் அந்த ஈஸ்டரில் அவன்தான் முதலிடம்.

மூத்தவள் மெரினுக்கு நாற்பத்து நான்கு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் கடிகாரம் நடுவழியில் நின்றதே இல்லையாம். தங்கப்பதக்கத்தைக் காட்டுகிற முகத்தோடு இதை ரஸ்ஸல் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அந்த மெரினிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. மூன்று நாளாகக் கேட்க முடியவில்லை. விடிந்தால் ஓட்டம். அவள் எனக்கு முந்நூறு மீட்டர் முன்னால் இருப்பாள். மீதி நேரமெல்லாம் ஓடியதைப் பற்றிய பேச்சு. குடும்பம் மொத்தமும் கால் ஊன்றுகிற ஒரே இடம் இந்தக் கலங்கரை விளக்கத்தடிதான், அதுவும் படம் எடுக்கிற ஒரு நிமிடம்.

ஆகவே இங்கே மண்டியிட்டேன்.

ரஸ்ஸல் ஒரு காலை இழுக்க, இன்னொரு முட்டியில் தள்ளாடியபடி இடுப்புப் பைக்குள் கையை விட்டேன். ஓடும்போது உறிஞ்சுகிற ஜெல் பொட்டலம் உள்ளே உடைந்திருந்தது. மோதிரம் எலுமிச்சை வாசனையோடு விரலில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது.

ஒரு மாதமாக மனப்பாடம் செய்த நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

“மெரின்... என்னைக் கட்டிக்கிறியா?”

ரஸ்ஸல் என் காலை விட்டார். அவள் அம்மா ஜாய்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். க்ரெய்க் செல்பேசியை உயர்த்தினான். சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கிய நாலு பேர் கைதட்டினார்கள். எங்களைத் தெரியாதவர்கள்.

மெரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

சத்தியமாகச் சொல்கிறேன். என்னைப் பார்க்கவில்லை, மோதிரத்தைப் பார்க்கவில்லை. இடது கையைத் திருப்பி, கடிகாரத்தின் மேல் இருந்த வியர்வையை ஒரு விரலால் துடைத்து, குனிந்து பார்த்தாள்.

அவள் அப்பாவுக்கு அது போதும்.

“பாத்தியா, நேரம் ஓடுது! கல்யாணத்த வீட்டுல போய்ப் பேசிக்கலாம். கிலோமீட்டருக்குப் பதினோரு செகண்ட் போச்சு. கிளம்புங்க, கிளம்புங்க!”

மந்தை கிளம்பியது. ஜாய்ஸ் மகளின் முழங்கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடினாள். மெரின் மட்டும் ஒருமுறை திரும்பினாள்.

“எந்திரி, முட்டி விறைச்சுக்கும்.”

ஐந்து வருடப் பழக்கத்துக்குக் கிடைத்த பதில், என் முட்டியைப் பற்றியது.

பத்தரை கிலோமீட்டரையும் நடந்தே வந்தேன். எதிர்க்காற்று. முதல் ஐந்தில் ரஸ்ஸலைத் திட்டினேன். அடுத்த ஐந்தில், முந்நூறு மீட்டர் முன்னாலேயே ஓடுகிற பெண்ணிடம் போய் மண்டியிட்ட என்னைத் திட்டிக்கொண்டேன். மிச்சம் அரைக் கிலோமீட்டர் வெறும் பெருமூச்சு.

வீட்டில் சிலுவை போட்ட ஈஸ்டர் பன்னும் தேநீரும் நடந்துகொண்டிருந்தன. யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளம்பிவிடலாம் என்று, ஜீலாங் நகரத்துக்கு அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு எனத் தேடிக்கொண்டே உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் கழித்துத்தான். விடுமுறை நாளில் பேருந்துகூட ஓய்வெடுக்கிறது.

ரஸ்ஸல் எழுந்து நின்று கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். எல்லோருடைய கடிகாரமும் அவர் செல்பேசிக்குக் கணக்கை அனுப்பிவிடும். அதைத் தேர்வு முடிவுபோல வாசிப்பது வழக்கம்.

“க்ரெய்க், இருபத்தொண்ணு கிலோமீட்டர். ஜாய்ஸ், இருபத்தொண்ணு. மெரின்...”

கண்ணாடியை மேலே ஏற்றினார். மறுபடி இறக்கினார்.

“மெரின், பத்தரை. என்னம்மா இது, கடிகாரம் மக்கர் பண்ணுதா?”

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் மெரின், பன்னில் வெண்ணெய் தடவிக்கொண்டே. “அவன் கேட்டதும் நிறுத்திட்டேன்.”

ரஸ்ஸல் உட்கார்ந்துவிட்டார்.

ஜெல் காய்ந்து, மோதிரம் பையின் துணியோடு ஒட்டியிருந்தது. பிய்த்து எடுக்க எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

அதுவரை, இடது கையை மேசைக்கு இந்தப் பக்கம் நீட்டியபடி, அவள் அசையாமல் காத்திருந்தாள்.