கை தட்டாத கூடம்

கை தட்டிவிடக் கூடாதே என்று என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

மேடையில் என் மகள் லெனோரா. கழுத்தில் வெள்ளிப் பதக்கம். சற்று முன்புதான் அவளைக் கல்லூரியின் புதிய தலைவர் என்று அறிவித்து அதை மாட்டிவிட்டார்கள். மௌனமாக உட்கார்ந்தே ஜெபிக்கிற குவேக்கர் கிறிஸ்தவர்கள் நிறுவிய கல்லூரி அது. அந்த நாற்காலியில் எங்களைப் போல் கறுப்பு நிறத்தில் ஒருத்தி உட்காருவது இதுதான் முதல் தடவை.

அதற்கு ஒரு கைதட்டல் கிடையாது.

எங்கள் பாப்டிஸ்ட் சபையாக இருந்திருந்தால் இந்நேரம் கூரை பறந்திருக்கும். ஆர்கன் முழங்கியிருக்கும். நான் போடுகிற ஆமெனில் பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சிரித்திருப்பார். குவேக்கர்கள் ஜெபத்துக்குக் கூடும் இந்தக் கூடத்தில் ஒரு பியானோகூட இல்லை. வெள்ளைச் சுவர், மர பெஞ்சு, அவ்வளவுதான். பதவிக்குச் சத்தியப்பிரமாணமும் வேண்டாமாம். தினமும் உண்மைதானே பேசுகிறோம், இதற்கு மட்டும் எதற்குத் தனியாகச் சத்தியம் என்பது இவர்கள் கட்சி. லெனோரா எழுந்து, செய்வேன் என்றாள். முடிந்தது.

பிறகு எல்லோரும் சேர்ந்து மௌனமானார்கள்.

போன வாரம் போனில் சொன்னாள். "அம்மா, அங்க யாரும் கை தட்ட மாட்டாங்க, ஆமென் போட மாட்டாங்க. நீ வந்து சங்கடப்படக் கூடாதுன்னு முன்னாடியே சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. வாயைத் தைத்துக்கொண்டே வருகிறேன், போதுமா என்றேன். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

உன்னால் தாங்காது என்று என் தங்கை ஓசெல்லா காலையிலிருந்தே கேலி. இப்போது பின் பெஞ்சில் எங்கள் சபையின் கைவிசிறியோடு உட்கார்ந்து என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என் பக்கத்தில் ஈடித் ஹாலோவெல் என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவி, குவேக்கர். எங்கள் சபையில் மூத்தவள் என்று என்னை மதர் ப்ரூயிட் என்பார்கள். என்னைக் கண்டால் பாஸ்டரே எழுந்து நிற்பார். இவள் என்னைப் பார்த்த மாத்திரத்தில் வா வெர்டா என்றாள். நான் வேறெங்கோ உட்காரப் போனதையும் விடாமல், முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து இந்த பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைத்தாள். யாரையும் பட்டம் போட்டுக் கூப்பிடுவதில்லையாம். கவர்னர் அனுப்பிய ஆளையும் வெறும் பேர் சொல்லித்தான் உட்காரச் சொன்னாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் ஆறியது.

மௌனம் தொடங்கியதும் அவள் என் காதருகே குனிந்தாள். யாருக்கு உள்ளே ஏதாவது எழும்புகிறதோ அவர்கள் எழுந்து சொல்லலாம் என்றாள். எனக்குக் காலையிலிருந்து எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது. அதெல்லாம் இவர்கள் ஆட்களுக்கு, நமக்கில்லை என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

கவர்னரின் ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ இருமினார்கள்.

சின்ன வயதில் எங்கள் சபையில் ஸ்டூல்மேல் ஏறி நின்று பாடின பெண் லெனோரா. இந்தக் கல்லூரிக்குப் படிக்க வந்து, இவர்களோடு உட்கார ஆரம்பித்து, பாட்டையே விட்டுவிட்டாள். அவள் குரலை இவர்கள் வாங்கிப் பூட்டிவிட்டார்கள் என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பெருமை அதையும் மீறிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு ஆமென் சொன்னால் போதும். சொன்னால் இத்தனை பேர் முன்னால் அவள் மானம் போய்விடும்.

அப்போது லெனோரா எழுந்தாள்.

பேசப் போகிறாள் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

"நம்மள இம்மட்டும் நடத்தினது யாரு?"

அது எங்கள் வீட்டுச் சமையலறைப் பாட்டு. பாத்திரம் கழுவும்போது நானே கட்டினது. சோப்பு நுரைக்குள் கையை விட்டபடி நான் கேட்பேன். தட்டைத் துடைத்துக்கொண்டே அவள் பதில் பாடுவாள். முதல் அடி எப்போதும் என்னுடையது. அன்றைக்கு அதை அவள் எடுத்துக்கொண்டாள்.

எடுத்துவிட்டு நின்றாள். அங்கியும் தொப்பியுமாக இருந்த பெரிய மனிதர்கள் யாருக்கும் அடுத்த அடி தெரியாது. எங்கள் சபையில் ஒருவர் எடுத்துக் கொடுத்த அடிக்குப் பதில் பாடாமல் விடுவது, வாசலில் வந்து நிற்பவரை உள்ளே வா என்று சொல்லாமல் விடுவது மாதிரி.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

போனில் கொடுத்த வாக்காவது ஒன்றாவது. கைகளை உருவிக்கொண்டு எழுந்தேன். கர்த்தர்தான் என்று முழுத் தொண்டையில் பாடினேன். அவள் மறுபடி கேட்டாள். நான் மறுபடி சொன்னேன். பின்னால் ஓசெல்லாவின் விசிறி பெஞ்சில் தாளம் போட்டது. எனக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவு தண்ணீர்.

உட்கார்ந்தேன். திரும்பவும் மௌனம். யாரும் கை தட்டவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஈடித் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். இவர்கள் வழக்கத்தில் கை குலுக்கினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். கூடம் முழுக்கப் பக்கத்திலிருந்தவர்கள் கை குலுக்கிக்கொண்டார்கள். ஈடித் மட்டும் என் கையை விடவில்லை.

"இருபது வருஷமா ஞாயித்துக்கிழமையில உன் மக இந்த பெஞ்சுல எங்கூடத்தான் உக்காருவா, வெர்டா. ஒரு நாள்கூட எழுந்து வாயத் திறந்ததில்ல. ஓரத்துல ஒரு ஆள் இடத்த மட்டும் விட்டு வச்சிருப்பா. யாரையும் உக்கார விடமாட்டா."

நான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். என் வீடு அங்கிருந்து ஐந்து தெரு தள்ளி. அந்தக் கூடத்துக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

கல்லூரித் தலைவர் மேடையிலிருந்து இறங்கி, கவர்னரின் ஆளைத் தாண்டி, எங்கள் பெஞ்சுக்கு வந்தாள்.

நான் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டேன்.