ஒன்றரை வருஷப் பச்சை

"மாப்ளே, இன்னிக்கு எத்தனை சிவப்பு?"

"நாற்பத்திரண்டு, அத்தான்," என்றான் மைத்துனன், கருவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது லைனா, சல்லடையா?"

கம்பெனியின் வெளியூர்க் கிளைகள் இரண்டுக்கும் தகவல் கொண்டுபோகும் மாற்று லைன்கள். ஒன்று கேள்வி கேட்டவன் பொறுப்பு. மற்றது அவன் மனைவியின் தம்பியான இந்த மைத்துனன் பொறுப்பு. முதன்மை லைன் படுத்தால்தான் இவற்றுக்கு வேலை. அதுவரை வெறும் சோதனை: நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் எண் வரிசை கிளையிலிருக்கும் கருவிக்குப் போய்த் திரும்பும். போனது அப்படியே வந்தால் பச்சை விளக்கு; ஓர் எண் பிசகினாலும் சிவப்பு.

அவன் லைனில் ஒன்றரை வருஷமாகச் சிவப்பே எரிந்ததில்லை. பேச்சில்லாமல் மணிக்கணக்கில் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருப்பான். மனிதர்களிடம் சொன்னது சொன்னபடி திரும்பி வருவதில்லை. இதில் வருகிறது என்று தோன்றும்.

இருவரில் ஒருவரை மலைமேல் இருக்கும் நிலையத்துக்கு மாற்றப்போகிறார்கள். மாதம் ஒருமுறைதான் வீடு. யார் வேலையில் குறையோ அவருக்கு ஆர்டர். அவன் மகள் இப்போதுதான் நடக்கப் பழகுகிறாள்.

"நான் போனா அக்கா அழுவா, அத்தான்."

"நான் போனா இன்னும் சத்தமா அழுவா. நீ கம்பளி வாங்கற வழியப் பாரு."

மேலாளர் அம்மாள் வந்தார். மைத்துனனின் பதிவேட்டை ஒரு நோட்டம் விட்டார்.

"மழைக்காலத்துல இவ்வளவு வரத்தான் செய்யும்."

அடுத்து அவனுடைய பதிவேடு. புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல மேடம்."

"போன மாசம் நம்ம சிக்னல் கோபுரத்துல இடி விழுந்துச்சே, அன்னிக்கு?"

"அன்னிக்கும் அசையல மேடம்," என்றான். மைத்துனன் தலை குனிந்துகொண்டான்.

மேடம் பதிவேட்டை மூடி வைத்தார். பாராட்ட வார்த்தை தேடுகிறார் போலும் என்று அவன் காத்திருந்தான்.

"உங்க லைன் போற கிளைய இழுத்து மூடி ஏழு மாசம் ஆச்சு. அங்க இருந்த கருவியெல்லாம் லாரியில ஏத்தி குடோனுக்கு வந்தாச்சு. உங்களுக்குத் தினமும் பதில் அனுப்பறது யாரு?"

அவன் மெல்ல எழுந்து தன் கருவியின் பின்பக்கம் குனிந்தான். அனுப்பும் துளையிலிருந்து பெறும் துளைக்கே ஒரு சாண் வயர் போயிருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன், லைன் தொடங்கிய நாளில் சோதனைக்காக அவனே செருகி, கழற்ற மறந்தது.