பச்சை விளக்கு

நகைக்கடை வரவேற்பில் நிற்கும் பிரமிளாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது என்பது கடையின் விதி. அதற்காக வருஷக்கணக்காக ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். பாதுகாப்பான ஊசிதான், ஒரு தலைவலிகூட வந்ததில்லை. நெற்றியும் கண்ணோரமும் உதட்டோரமும் மட்டும் அசையாது.

அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவளைக் கணவன் ஞானசேகர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தான். வாசலில் இருந்த கேமரா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, வலி அதிகமுள்ளவர்களை முதலில் உள்ளே அனுப்பியது. பிரமிளாவுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. காத்திருக்க வேண்டும்.

"சிஸ்டர், அவ துடிக்கிறா, பாருங்க!"

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "முகம் தெளிவாத்தானே இருக்கு சார். மிஷின் சொல்லாம நான் உள்ள விட முடியாது."

"உயிர் போகுதுங்க," என்றாள் பிரமிளா. அதைச் சொன்னபோதும் முகத்தில் ஒரு கோடு விழவில்லை.

திரும்பத் திரும்ப அவளைக் கேமரா முன் நிறுத்தினான். பச்சைதான். கடைசியில் அவள் பேச்சும் நின்று அவன் தோளில் சாய்ந்தாள். ஞானசேகர் கேமராவைப் பார்த்து, "யாராவது வாங்களேன்!" என்று வாய் கோணக் கதறினான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்ட்ரெச்சர் ஓடி வந்தது, அவனுக்காக.

அதில் பிரமிளாவைக் கிடத்தித் தானே உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினான்.

வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர், "குடல்வால் வெடிச்சிருக்கு. ஏன் இவ்வளவு நேரம் வச்சிருந்தீங்க?" என்று கத்திக்கொண்டே ஆபரேஷனுக்கு ஆட்களைக் கூப்பிட்டார்.

ஞானசேகர் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் பயப்படுகிறாளா என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் நகங்கள்தாம் அவன் கையில் ரத்தம் வருமளவு பதிந்திருந்தன.