பலகைக்காரன்

இந்தக் காலத்தில் விளையாட்டையே வேலை என்கிறார்கள். கேட்டால், அதற்குச் சம்பளமும் உண்டாம். நான் லாரி ஓட்டியவன். வளைவில் வண்டி சறுக்கினால் எவனும் எனக்குக் காசு கொடுத்ததில்லை.

என் மகள் வான்மதி அமெரிக்காவில், பிளசன்டன் ஊரில் நர்ஸ். அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட சபரிக்கு, டாஹோ மலையில் காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குவதுதான் பிழைப்பு. நான் பார்த்து வைத்திருந்தது என் நாமக்கல் கூட்டாளி சந்தானத்தின் மகன் சேனாபதியை. சாஃப்ட்வேர் இன்ஜினியர், கிரீன் கார்டு வேறு.

"சபரியை ஒரு தடவை நேர்ல பாருங்கப்பா. அப்புறம் வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க" என்றாள்.

பொங்கல் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, அவளுக்கு ஷிப்ட் இல்லாத நாள், கிளம்பினோம். இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்று நான் கூப்பிட்டதும், சேனாபதியே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"லீவு போட்டுட்டியா தம்பி?"

"அதெல்லாம் பிரச்சனை இல்ல அங்கிள்."

தங்கமான பையன்.

மலையில் சபரி ஆரஞ்சுக் கோட்டும் அக்குளில் பலகையுமாக வந்து நின்றான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, இதுல சோத்துக்கு வழி இருக்கா?"

"பகல்ல பசங்களுக்கு சறுக்கக் கத்துக் குடுப்பேன் அங்கிள். சாயங்காலம் கடைல போர்டுக்கெல்லாம் மெழுகு போடுவேன். சம்மர்ல ஆத்துல படகு ஓட்டுவேன்."

"ஒண்ணு உருப்படியா இருந்தா மூணு எதுக்கு?"

வான்மதி என் கையைக் கிள்ளினாள். அவன் சிரித்தான். கோபம் வராத ஆளை எப்படி நம்புவது?

அதற்குள் சேனாபதி ஆபீஸ் ஜன்னலில் நின்று நீளமாக ஒரு ஃபாரம் எழுதிக்கொண்டிருந்தான். சறுக்க ஆசை போல, பலகை வாடகைக்குத்தான் என்று நினைத்தேன். எழுதி முடித்ததும் பர்ஸிலிருந்து கிரீன் கார்டை எடுத்து உள்ளே நீட்டினான்.

"பாத்தியா வான்மதி? ஒரு பலகை வாங்கறதுக்குக்கூட கிரீன் கார்டைத்தான் காட்டறான். அதுக்கு இருக்கிற மரியாதையைப் பாரு!"

அவள் சபரியைப் பார்த்தாள். சபரி தன் பூட்ஸைப் பார்த்தான்.

"கோவிச்சுக்காதே தம்பி" என்றேன். "நிலையான வேலை இருக்கிறவனுக்குத்தான் என் பொண்ணு."

சபரி பலகையை மறு அக்குளுக்கு மாற்றிக்கொண்டான்.

அப்போது சேனாபதி பனியில் வழுக்கி வழுக்கி ஓடி வந்தான். அவன் மேலேயும் ஒரு ஆரஞ்சுக் கோட்டு.

"சபரி, கிடைச்சிருச்சுடா! திங்கட்கிழமைலேர்ந்து மலை மேல போற லிஃப்ட்ல ஆள் ஏத்துற வேலை! நீ சொன்னதாலதான்..."

பிறகுதான் சபரிக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். முகம் தொங்கிப்போனது.

"கம்பெனியைத் தீபாவளிக்கே மூடிட்டாங்க அங்கிள். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

நான் காரைப் பார்த்து நடந்தேன்.

"அப்பா, சபரிக்கு இப்ப என்ன பதில்?" என்று பின்னாலிருந்து வான்மதி கத்தினாள்.

நான் திரும்பவில்லை.

"பனி உருகட்டும். அப்பவும் வேலை இருக்கான்னு பாக்கலாம்."