முயலுக்குப் போட்ட மருந்து

"அந்தப் புது ஊசியைப் போடுங்க டாக்டரய்யா!"

நஃபீசா வழியை மறித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் வீட்டு முன்னறைக் கட்டிலில் அவள் புருஷன் சுஐபு காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். திருக்கை மீனின் முள் குத்திய கால் தொடைவரைக்கும் வீங்கிக் கறுத்திருந்தது. பென்சிலின் ஊசிக்கும் கேட்கவில்லை.

"போட முடியாது தங்கச்சி," என்றார் டாக்டர் மீரா சாகிபு. "சோதனைக்குன்னு மெட்ராஸ்லேருந்து வந்த மருந்து. முயலுக்குப் போட்டுப் பார்த்துக்கிட்டிருக்கேன். இவரை மதுரைக்குக் கொண்டுபோ. காருக்குச் சொல்லியிருக்கேன்."

"மதுரை வரைக்கும் உசிரு தாங்குமா?"

அவர் சுஐபின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

நஃபீசாவின் பயம் ஆத்திரமாக மாறியது. "உங்க வீட்டம்மாவுக்கு மட்டும் போட்டீகள்ல? காய்ச்சல் எறங்கிருச்சுன்னு திருப்பாலைக்குடி ஊரு பூராம் பேசுது. டாக்டர் பெஞ்சாதி உசிருதான் உசிரா? கடலுக்குப் போறவன் உசிரு மசுரா?"

"மனுசன் சாகக் கெடக்கான், இவரு முயலுக்கு வைத்தியம் பாக்குறாரு!" என்று வாசலில் எவனோ கத்தினான்.

டாக்டர் சாவியை எடுத்தார். "உள்ள வா," என்று அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார்.

மேசைமேல் ஒரு முயல் வயிறு கீறப்பட்டுக் கிடந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு விறைத்துக் கிடந்தன.

"இது சிறுநீரகம். ஊதி வெளிறிப்போய் இருக்கு பாரு. மருந்து போட்டப்புறம் ஒண்ணுக்கும் மூத்திரம் பிரியல. மூணும் செத்துருச்சு."

நஃபீசா ஓரடி பின்னால் நகர்ந்தாள். "யா அல்லா! அப்ப... உங்க வீட்டம்மா?"

டாக்டர் உள்கதவைத் தள்ளினார்.

பாயில் அவர் மனைவி மெஹருன்னிசா படுத்திருந்தாள். ஆளே அடையாளம் தெரியவில்லை. முகம் பொதபொதவென்று ஊதி, கண் இரண்டும் மூடிப்போயிருந்தன. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"கெளம்பு தங்கச்சி. காலை வெட்டி எடுத்தாலும் உன் புருஷன் பொழைச்சுக்குவான். இவளுக்கு மதுரையிலயும் வைத்தியம் இல்ல."

நஃபீசா நகரவில்லை. "இம்புட்டும் தெரிஞ்ச நீங்களா இவகளுக்குப் போட்டீக?"

டாக்டர் மனைவியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"முயலுக்குப் போட்டுப் பார்க்குறவரைக்கும் பொறுக்க முடியலம்மா. நம்மகிட்டதான் மருந்து இருக்கேன்னு, மொத ஊசியை இவளுக்குப் போட்டுட்டேன்."