பெயருக்கு எழாத கோடு

பெயரைக் கூப்பிட்டும் திரையில் கோடு எழவில்லை.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம், தாயின் மடியில் வலைத்தொப்பியோடு குழந்தை உட்கார்ந்திருந்தது. ஒலிபெருக்கியில், முன்பு பதிந்து வைத்த தாயின் குரல், “மீனு” என்றது. சற்று இடைவெளி விட்டு அதே குரல், “தாரா” என்றது. அது யாரோ ஒரு பிள்ளையின் பெயர். இரண்டுக்கும் கோடு ஒரே மாதிரி படுத்துக் கிடந்தது.

“மணிச் சத்தத்துக்கு மட்டும் நல்லாத் துள்ளுது. காதுல பழுதில்ல. பேருதான் உள்ள ஏறல,” என்றான் வன்னியராஜ். கணினியைப் பார்த்துக்கொள்பவன்.

“பையப் பேசுங்க. அந்தம்மா காதுல விழுந்திரும்,” என்றாள் சோதனையை நடத்தும் ஜெமிமா.

சின்னக் குழந்தைகளின் மூளை எப்படி வளர்கிறது என்பதை, தலையில் எடுக்கும் மின்னலைகளை வைத்துப் படிக்கும் ஆய்வுக்கூடம் அது. பாளையங்கோட்டையில் இருந்தது. ஒருமுறை வந்த பிள்ளை ஆறு மாதம் கழித்து மறுபடியும் வர வேண்டும். எட்டு மாதத்தில் மீனு வந்தபோது, தன் பெயரைக் கேட்டதும் கோடு ஒரே பாய்ச்சலாய் எழும்பியது. வன்னியராஜ் அதற்குப் பொதிகை மலை என்று பெயரே வைத்திருந்தான்.

இன்றைக்கு மலையைக் காணவில்லை. அடுத்த அளவுத் தொப்பி நழுவிக் கண்ணை மூடியதால், போன தடவை போட்ட சிவப்புத் தொப்பியையே போட வேண்டியிருந்தது. நடக்கிறாளா என்று கேட்டதற்கு, “இன்னும் நடக்கல மேடம்,” என்றாள் தாய் இசக்கியம்மாள். இத்தனை மாதமும் இந்தத் தலைக்குள் எதுவுமே வளரவில்லையோ? ஜெமிமா திரையை மறுபடி உற்றுப் பார்த்தாள். இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது?

காலையில் பிள்ளையை மொட்டைத் தலையோடு பார்த்தபோது ஜெமிமா சந்தோஷப்பட்டிருந்தாள். எண்ணெய்த் தலையோடு வரும் பிள்ளைகளைக் கழுவித் துடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

“குலசாமிக்கு முடி எறக்கியாச்சு,” என்றாள் இசக்கியம்மாள்.

“நல்லதாப் போச்சு. தொப்பிய மாட்டி நேரா ராக்கெட்டுல ஏத்திர வேண்டியதுதான்,” என்று வன்னியராஜ் சோப்புக் குமிழி ஊதினான். பிள்ளை குமிழியைப் பிடிக்கக் கையை நீட்டியது. இசக்கியம்மாள் சிரிக்கவில்லை.

வருவதற்கு முன் அவளே போன் செய்திருந்தாள். புது எண். “போன தடவ எடுத்தத ஒருக்காக் காட்டுவீங்களா மேடம்? மார்கழி வெள்ளத்துல செல்லு போயிட்டு. போட்டோ எல்லாம் அதுலதான் கெடந்துச்சு.” சிந்துபூந்துறையில் ஆற்றை ஒட்டி வீடு. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கூடத்தின் விதி அப்படி. “பிள்ளையத் தூக்கிட்டு வாங்க. பிள்ள வந்தாத்தான் பழச எடுப்போம்,” என்றாள் ஜெமிமா.

சோதனைக்குத் தாயின் குரலைப் புதிதாகப் பதியக்கூடாது. போன தடவை பதிந்ததைத்தான் போட வேண்டும். சோதனை தொடங்குமுன் சத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வன்னியராஜ் வெட்டாத முழுப் பதிவை ஓட விட்டான். “மீனு... ஏட்டி மீனு...” பதிவின் முடிவில் குழந்தை கெக்கலித்துச் சிரித்தது.

இசக்கியம்மாள் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள்.

“சத்தம் கூடிப்போச்சோ?” என்றான் வன்னியராஜ்.

“கொறைக்காதீங்க அண்ணாச்சி,” என்றாள்.

சோதனை முடிந்தது. ஜெமிமா உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றினாள். மொட்டைத் தலை முழுக்க வட்ட வட்டமாகத் தடம்.

“பயப்படாதீங்க. தெரிஞ்ச நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்காரு, நானே கூட்டிட்டுப் போறேன்,” என்று தொடங்கினாள். “போன தடவ இவளுக்குத் தன் பேரு தெரிஞ்சுது. இப்பத் தெரியல. வீட்டுல பேரு சொல்லித்தான கூப்பிடுதீங்க?”

இசக்கியம்மாள் ஒலிபெருக்கியைப் பார்த்தாள். “மேடம், அந்தப் பழைய சத்தம்... கடைசில ஒரு சிரிப்பு வருதுல்லா? அத இன்னொருக்காப் போடுவீங்களா?”

ஜெமிமாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நான் என்ன சொல்லுதேன், நீங்க என்ன கேக்கீங்க? பிள்ள மடியில இருக்கா. அவளுக்கு என்னன்னு பாக்காம, பழைய சிரிப்பக் கேட்டு என்ன செய்யப் போறீங்க?”

இசக்கியம்மாள் தொப்பியிலிருந்து குழந்தையின் நெற்றியில் வழிந்த உப்புத் தண்ணீரை முந்தானையால் ஒற்றினாள்.

“இவளுக்கு ஒண்ணும் இல்ல, மேடம்.” பிறகு பைய, “வள்ளி,” என்று கூப்பிட்டாள்.

குழந்தை வெடுக்கென்று நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது.

“இவ எந் தங்கச்சி பிள்ள. வெள்ளத்துல செல்லு மட்டும் போகல, மேடம்.”